நினிவேயின் வெள்ளி யாருக்கு?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவர் ஒரு சிறு நகரத்தில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் மந்தம், வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. உபவாசக் கூட்டம் ஒன்றுக்கு வந்த வெளியூர் ஊழியர் (பிரசங்கியார்), பழைய ஏற்பாட்டின் நாகூம் 2:9ஐ அந்த ஆண்டின் வாக்குத்தத்தமாக, அதாவது கடவுளின் வாக்குறுதியாக, அறிவித்தார். வெள்ளியைக் கொள்ளையிடுங்கள், பொன்னையும் கொள்ளையிடுங்கள், அங்கே குவிந்திருக்கும் செல்வத்துக்கு முடிவே இல்லை என்பது அந்த வசனத்தின் சாரம். "உலகத்தாரின் செல்வம் விசுவாசிகளின் கைக்கு மாறப்போகிறது. பொன்னை அறுக்க விரும்புகிறவர்கள் பொன்னை விதைக்க வேண்டும்" என்பது ஊழியரின் விளக்கம். அதே அதிகாரத்தில் தெருக்களில் கடகடவென்று ஓடும் இரதங்கள் வருகின்றன அல்லவா, அவை இன்றைய மோட்டார் கார்கள்; ஆகவே முழு அதிகாரமும் நம் காலத்துக்கே எழுதப்பட்டது என்றும் அவர் சொன்னாராம்.

கணவர் இப்போது மனைவியின் தாய் வீட்டு நகைகளில் எட்டு சவரனை அடகு வைத்து, அந்தப் பணத்தைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்கிறார். வாசகி தயங்கியதும், "உன் அவிசுவாசம்தான் கடையை முடக்கி வைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு வேறு கேள்வி: கடவுளே கொள்ளையடிக்கச் சொல்வாரா? கடிதத்தின் கடைசி வரியில் வாசகி கேட்கிறார்: "நகையைக் கொடுக்க மறுத்தால் ஆண்டவருக்கே மறுத்ததாகிவிடுமா ஐயா?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. அந்த வசனம் உங்களிடம் நகை கேட்கவில்லை. உங்கள் கணவருக்குச் செல்வம் தருவதாகச் சொல்லவும் இல்லை. பழைய ஏற்பாட்டைக் கற்பிப்பது என் தொழில் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரோடும் மகனோடும் பேசும்போது இந்த விவரங்கள் கையில் இருப்பது நல்லது.

அந்த நகரமும் அதன் செல்வமும்

நாகூமின் புத்தகம் மூன்றே அதிகாரங்கள். அரை மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். அதன் முதல் வரியே இது நினிவேயைக் குறித்த பாரம், அதாவது தீர்ப்புச் செய்தி, என்று சொல்லிவிடுகிறது. நினிவே அசீரியப் பேரரசின் தலைநகர். இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், பழைய மோசூல் நகரத்துக்கு எதிரே அதன் மேடுகள் இன்றும் இருக்கின்றன. மதில் மட்டும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சுற்றளவு. வேதத்தில் சனகெரிப் என்று வரும் அரசன்தான் அதை அவ்வளவு பெரிய தலைநகராக ஆக்கினான்.

இந்தப் பாடல் எப்போது எழுந்தது என்பதையும் ஓரளவு கணிக்க முடியும். மூன்றாம் அதிகாரம் எகிப்தின் நோ அம்மோன் நகரம் ஏற்கெனவே வீழ்ந்துவிட்டதாகப் பேசுகிறது. அதை அசீரியர்கள் கி.மு. 663இல் சூறையாடினார்கள். நினிவே வீழ்ந்தது கி.மு. 612இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, நினிவே இன்னும் நிமிர்ந்து நின்ற காலத்தில் அதன் வீழ்ச்சியைப் பாடியவர் நாகூம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

அந்த நகரத்தில் அவ்வளவு வெள்ளியும் பொன்னும் எப்படிச் சேர்ந்தன? வியாபாரமும் ஒரு காரணம். அதன் வணிகர்கள் வானத்து நட்சத்திரங்களைவிட அதிகம் என்று நாகூமே சொல்கிறார். ஆனால் பெரும்பகுதி கப்பமாகவும் கொள்ளையாகவும் வந்து சேர்ந்தது. இதற்கு எருசலேமே சாட்சி. 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சனகெரிப் படையெடுத்து வந்தபோது யூதா நாட்டின் ராஜா எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு தாலந்து சுமார் 30 கிலோ என்று கணக்கிட்டால் பொன் மட்டுமே 900 கிலோ. அரண்மனைக் கஜானா போதவில்லை. ஆலயத்தின் கதவுகளிலும் நிலைகளிலும் தான் பதித்திருந்த பொன்தகட்டையே பெயர்த்துக் கொடுத்தான் எசேக்கியா. சனகெரிப்பின் ஆண்டுக்குறிப்புகளும் கிடைத்திருக்கின்றன. அவை 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி என்கின்றன. வெள்ளியின் கணக்கு வேதத்தோடு ஒத்துப்போகவில்லை. பொன்னின் கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. எசேக்கியாவின் மகள்களையும் அரண்மனைப் பாடகர்களையும்கூட நினிவேக்கு அனுப்பவைத்ததாக அந்தக் குறிப்பு பெருமை பேசுகிறது.

ஆகவே, சகோதரி, நாகூம் சுட்டிக்காட்டும் அந்தக் குவியலில் எருசலேம் ஆலயக் கதவின் பொன்னும் கிடந்தது. கூட்டத்தில் அந்த வசனத்தை விளக்கியவர் இதைச் சொல்லியிருந்தால் பேச்சின் திசையே மாறியிருக்கும்.

யாரைப் பார்த்துச் சொன்ன கட்டளை?

நாகூமின் இரண்டாம் அதிகாரம் முற்றுகையை நேரில் பார்ப்பது போன்ற நாடகப் பாடல். சிவந்த கேடகங்கள், பாயும் இரதங்கள், திறக்கும் ஆற்று மதகுகள், கரையும் அரண்மனை, புறா போலப் புலம்பும் பெண்கள். நகரம் உடைந்த குளத்து நீராக வடிந்து ஓடுகிறது. "நில்லுங்கள், நில்லுங்கள்" என்று யாரோ கத்துகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நொடியில்தான், "வெள்ளியைக் கொள்ளையிடுங்கள்" என்ற குரல் எழுகிறது. அது நகரத்துக்குள் நுழைந்துவிட்ட படைவீரர்களைப் பார்த்து எழும் குரல். எருசலேமில் உட்கார்ந்திருக்கும் விசுவாசிகள் அந்தக் காட்சியிலேயே இல்லை. யூதாவின் ஒரு வீரன்கூட அந்தப் படையில் இருந்ததாக வேதம் எங்கும் சொல்லவில்லை.

இப்படி ஏவல்களை வீசுவது நாகூமின் பாணி. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், "அரணைக் காத்துக்கொள், வழியைக் காவல்பண்ணு" என்று நினிவேயையே கேலியாக ஏவுகிறார். மூன்றாம் அதிகாரத்தில், முற்றுகைக்குத் தண்ணீர் மொண்டு வை, களிமண்ணை மிதி, செங்கல் சூளையைப் பலப்படுத்து என்கிறார். களிமண்ணை மிதிக்கும் அந்த வசனத்தை அட்டையில் அச்சடித்து வாக்குத்தத்தமாகக் கொடுத்த சபையை நான் இதுவரை பார்த்ததில்லை. பொன் வரும் வசனத்துக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை என்று கேட்டுப்பார்க்கலாம்.

அடுத்த வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள். செல்வத்துக்கு முடிவில்லை என்ற வார்த்தை முடிந்த உடனே நகரம் வெறுமையாகிப் பாழாகிறது. மனம் கரைகிறது, முழங்கால்கள் தள்ளாடுகின்றன, முகங்கள் கருகிப்போகின்றன. அதற்கடுத்து சிங்கத்தின் குகை வருகிறது. தன் குட்டிகளுக்காகப் பீறி, குகையை இரையால் நிரப்பிய சிங்கம் எங்கே என்று தீர்க்கதரிசி கேட்கிறார். அசீரிய அரசர்கள் தங்களைச் சிங்கமாக வர்ணித்துக்கொண்டவர்கள். சிங்க வேட்டையைச் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்தவர்கள். குகையில் கிடந்த இரை பிற நாடுகளுடையது. பறித்துச் சேர்த்தது பறிபோகிறது என்பதுதான் வசனத்தின் நேர்ப்பொருள். அதைப் பெற்றுக்கொள்ளும் வாரிசு என்று எவரையும் நாகூம் குறிப்பிடவில்லை.

அந்தச் செல்வம் கடைசியில் எங்கே போனது?

இதற்கு வேதத்துக்கு வெளியிலும் ஆதாரம் இருக்கிறது. நினிவேயின் வீழ்ச்சியைப் பதிவு செய்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1923இல் அது வெளியிடப்பட்டது. பாபிலோன் அரசன் நபோபொலாசாரும் மேதியர் அரசன் கியாக்சாரஸும் சேர்ந்து மூன்று மாதம் முற்றுகையிட்டார்கள். நகரத்திலும் கோவிலிலும் இருந்த திரளான கொள்ளைப் பொருளை அள்ளிச் சென்றார்கள். நகரத்தை இடிபாட்டு மேடாக்கினார்கள் என்கிறது அது. நினிவேயின் தென்கிழக்கு வாசலான ஹல்சி வாசலில் 1989-90இல் அகழ்ந்தபோது, அந்தத் தாக்குதலில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. கூடவே அம்பு முனைகளும்.

யூதாவுக்கு என்ன கிடைத்தது? நினிவே வீழ்ந்து மூன்றே ஆண்டுகளில், கி.மு. 609இல், யோசியா ராஜா மெகிதோவில் எகிப்தியர் கையால் இறந்தான். பார்வோன் நேகோ யூதாவின் மேல் 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டம் விதித்தான். நினிவேயைக் கொள்ளையிட்ட நபோபொலாசாரின் மகன்தான் நேபுகாத்நேச்சார். அவன் கி.மு. 597இல் எருசலேம் ஆலயத்தின் பொக்கிஷங்களை எடுத்துக்கொண்டு போனான். பத்தாண்டு கழித்து ஆலயமே எரிந்தது. கொள்ளையிட்டவனைக் கொள்ளையிட்டவன், நாகூமின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர்களின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தான். ஆபகூக் இரண்டாம் அதிகாரம் எட்டாம் வசனம் அவனைப் பற்றிப் பேசுவதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அநேகம் தேசத்தாரைக் கொள்ளையிட்டாய், மீந்தவர்கள் உன்னைக் கொள்ளையிடுவார்கள் என்பது அதன் கருத்து. நாகூம் சொன்ன அதே நியாயம். ஆள் மட்டும் வேறு.

அப்படியானால் நாகூம் யூதாவுக்கு ஒன்றுமே வாக்களிக்கவில்லையா? வாக்களிக்கிறார். முதலாம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களைப் பாருங்கள்: உன் மேலிருக்கும் நுகத்தை முறிப்பேன், உன் கட்டுகளை அறுப்பேன், சமாதானம் கூறுகிறவனுடைய கால்கள் மலைகளின் மேல் வருகின்றன, உன் பண்டிகைகளை ஆசரி. கப்பம் கட்டிக் கட்டி நொந்த ஒரு சின்ன நாட்டுக்குச் சொன்ன ஆறுதல் இது. இனி உன்னிடம் பறிக்க ஆள் வரமாட்டான் என்பதுதான் அங்கே நற்செய்தி. வட்டிக்குக் கடன் வாங்கித் தவிக்கிற உங்கள் வீட்டுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு வார்த்தை உண்டு என்றால், அது இங்கேதான் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு இன்னோர் அடகுச் சீட்டை எப்படி எழுதுவது?

கார்கள் பற்றிய வாதம்

இரதங்கள் கார்கள் என்ற விளக்கம் புதிதல்ல. பல நாடுகளிலும் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அசீரியாவையும் பாபிலோனையும் பொறுத்தவரை, போர் இரதம் அன்றாடக் காட்சி. அரண்மனைச் சுவர்களிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இரும்பும் உலோகமும் வெயிலில் மின்ன, தெருவில் இரதங்கள் முட்டி மோதி ஓடுவதைத் தீப்பந்தம் என்றும் மின்னல் என்றும் ஒரு கவிஞன் பாடுவதற்குப் பெட்ரோல் வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நாகூமைத் தங்கள் காலத்துக்குப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் மிகப் பழையது. சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த நாகூம் உரை ஒன்று, இந்தச் சிங்கத்தையும் இரையையும் தன் காலத்து யூதேய அரசியலுக்குப் பொருத்துகிறது. சிதைந்த அந்த வரிகளில், "இரை" என்பது எருசலேமின் ஆசாரியர்கள் சேர்த்து வைத்த செல்வம் என்று விளக்கம் வருகிறது. அந்த விளக்கமும் நாகூம் நினைத்தது அல்லதான். ஆனாலும் நம் காலத்துக்குப் பொருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், காணிக்கைப் பெட்டியை நோக்கியும் அந்த வசனத்தைத் திருப்ப முடியும் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் காட்டிவிட்டார். ஊழியருக்கு இது பிடிக்காது.

மகனின் கேள்விக்கு

கடவுள் கொள்ளையடிக்கச் சொல்வாரா என்று உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி; அவரை அடக்காதீர்கள். கொள்ளை ஒரு நற்செயல் என்று வேதம் எங்கும் போதிக்கவில்லை. எரிகோவின் கொள்ளையிலிருந்து 200 சேக்கல் வெள்ளியையும் ஒரு பொன்பாளத்தையும் ஒளித்து வைத்த ஆகானுக்கு என்ன ஆனது என்று யோசுவா ஏழில் இருக்கிறது. எகிப்தியரிடமிருந்து இஸ்ரவேலர் பெற்ற நகைகளைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்வார்கள். அது தலைமுறைகளாகக் கூலியில்லாமல் உழைத்த அடிமைகள் புறப்படும்போது கேட்டு வாங்கியது. அந்த மக்களின் காதணிகள்தான் பின்பு அவர்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியாகவும் ஆயின.

ஆனாலும் நாகூமின் புத்தகத்தை மென்மையாக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. அது கோபத்தின் புத்தகம். நினிவேயை ஒரு பெண்ணாக உருவகித்து அவளை அவமானப்படுத்தும் மூன்றாம் அதிகார வரிகள் வகுப்பில் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் சங்கடம் தருபவை. நகரத்தின் வீழ்ச்சியைக் கேட்கிறவர்கள் கைதட்டுவதோடு புத்தகம் முடிகிறது. இந்தக் கைதட்டல் யாருடையது என்பதை மட்டும் மகனுக்குச் சொல்லுங்கள். சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரைப் பிடித்த காட்சியைத் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்க வைத்தான். கழுவில் ஏற்றப்பட்டவர்களும், மூட்டையோடு மாட்டு வண்டியில் நாடு கடத்தப்படும் குடும்பங்களும் அதில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். அதே நினிவே மனந்திரும்பியதையும், அதைக் கடவுள் தப்பவிட்டதையும் யோனா புத்தகம் சொல்கிறது. இரண்டையும் ஒரே வேதத்தில் வைத்துக் காத்தவர்கள் ஒன்றை நீக்கி மற்றதைச் சமாதானப்படுத்த முயலவில்லை.

நினிவேயின் கொள்ளையைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 2014 ஜூலையில் மோசூலின் கிறிஸ்தவர்கள் ஆயுதக் கும்பலால் வீடுகளை விட்டு விரட்டப்பட்டார்கள். வெளியேறும் வழியில், சோதனைச் சாவடிகளில் பெண்களின் நகைகளையும் பணத்தையும் அந்தக் கும்பல் பறித்துக்கொண்டது. நினிவேயின் மேடுகளுக்கு எதிரே இருக்கும் அதே நகரத்தில்.

நகையும் வீடும்

எனக்குச் சட்டம் தொழில் அல்ல. ஆனால் இவ்வளவு தெரியும். திருமணத்தின்போது பெற்றோர் உங்களுக்குக் கொடுத்த நகை உங்கள் சொத்து. மனைவியின் சீதனப் பொருள் அவருக்கே உரியது, கணவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே தெளிவாக்கியது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், மனைவியின் சீதனத்தை அவர் விருப்பமின்றிக் கைமாற்றுவதையும் பொருளாதார வன்முறையாகவே பார்க்கிறது. எந்த மதத்தவருக்கும் அது பொருந்தும். உங்கள் கடிதத்தைப் படித்தால் விஷயம் அந்த எல்லைக்குப் போனதாகத் தெரியவில்லை. போகவும் வேண்டாம். ஆனால் "இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது தெரிந்தால் பயமில்லாமல் பேசலாம்.

உங்கள் கணவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறார். கயிறு என்று யாரோ எதையோ வீசினார்கள், பிடித்துக்கொண்டார். அவிசுவாசம் என்ற வார்த்தை உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது; அதற்குப் பதிலுக்குப் பதில் பேசினால் விவாதம் உங்கள் விசுவாசத்தைப் பற்றியதாகிவிடும், நகை மறந்துபோகும். அதற்கு மாறாக, நாகூமின் மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்கும்படி அவரையே கேளுங்கள். மகனையும் உட்கார வையுங்கள். வாசித்து முடித்தபின், "இதில் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. உங்கள் சொந்தச் சபையின் போதகரிடம் இருவருமாகப் போய்ப் பேசலாம்; பல போதகர்கள் இப்படிப்பட்ட கூட்டங்களின் பின்விளைவுகளை நிறையவே பார்த்திருப்பார்கள். அல்லது அந்த ஊழியருக்கே உங்கள் கணவர் எழுதிக் கேட்கலாம்: அடகு மீட்க முடியாமல் போனால் என்ன செய்வது? இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பதில் பெரும்பாலும் இன்னும் அதிகமாக விதையுங்கள் என்றுதான் வரும். போதகரிடம் போவதே நல்லது.

காணிக்கை கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2 கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல், வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ கொடுக்க வேண்டாம், அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கட்டும் என்கிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில், இல்லாததற்கு ஏற்ப அல்ல, இருப்பதற்கு ஏற்பவே என்று அளவும் சொல்கிறார். கடன் வாங்கிக் கொடுப்பது அந்த அளவுக்குள் வராது. கடையின் கணக்கு நோட்டையும் வட்டிச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று இருவருமாக ஒருநாள் உட்காருங்கள். ஒருவேளை அந்த எட்டு சவரனில் ஒரு பங்கை விற்று அதிக வட்டிக் கடனை முடிப்பதே புத்திசாலித்தனம் என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும். அதுவரை நகை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.